ஆட்டுப்பாட்டும் மயானப் பாதையும்



அய்யலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு ஞாபகங்கள் வரும். ஒன்று, திருச்சி சாலையில் வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற வண்டிக்கருப்பணசாமி. இன்னொன்று, வியாழக்கிழமை கூடுகிற ஆட்டுச்சந்தை. கிரேக்க நாடகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊர் பொருத்தமானதுதான். நாம் துன்பியல் நாடகம் என்று எழுதுகிற ‘டிராஜடி’க்குக் கிரேக்கத்தில் நேர்ப்பொருள் ஆட்டுப்பாட்டு. ‘டிராகோஸ்’ என்றால் கிடா, ‘ஓடே’ என்றால் பாட்டு. கிடாவைப் பரிசாக வைத்துப் பாடினார்களா, கிடா வெட்டும் சடங்கில் பாடினார்களா என்பது அறிஞர்களின் வழக்கு. கிடாவெட்டுக்கு நின்று பறையடித்த கைகளுக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

இந்த நினைவுரை எந்தத் தோழருக்காக நடக்கிறதோ, அவர் எங்கள் வாசிப்பு வட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை சோபாக்ளிஸ் எழுதிய ‘ஆன்டிகனி’யைக் கதையாகச் சொல்லி முடித்தோம். எல்லோரும் அரசு, தனிமனிதர், பெண்ணின் துணிச்சல் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “சரி தோழர், அந்தப் பொணத்துக்குக் கடைசியில குழி வெட்டுனது யாரு?” நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா கேதம் சொல்லப் போனவர், குழி வெட்டியவர், வாய்க்கரிசிக் காசுக்கும் கோடித்துணிக்கும் கை நீட்ட வைக்கப்பட்டவர். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த உரையை எழுதியிருக்கிறோம்.

கதையை மாணவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறோம். தீப்ஸ் நகரத்தில் அண்ணன் தம்பி இருவர் ஆட்சிக்காகச் சண்டையிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். தாய்மாமன் கிரயோன் அரசனாகிறான். நகரத்தைக் காத்த எடியோக்ளிசுக்கு மரியாதையான அடக்கம். படையோடு வந்து நகரத்தைத் தாக்கிய பாலினைசஸ் நாய்க்கும் கழுகுக்கும் கிடக்க வேண்டும், புதைப்பவர்களுக்குச் சாவு என்று பறைசாற்றுகிறான். தங்கை ஆன்டிகனி உடல்மேல் மண்ணைத் தூவிப் பிடிபடுகிறாள். எழுதப்படாத, என்றுமுள்ள தெய்வச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டேன், உன் ஆணைக்கு இல்லை என்கிறாள். அவளை உயிரோடு கல்லறைக் குகையில் அடைக்கிறார்கள். அவள் தூக்கிட்டுச் சாகிறாள். அவளை மணக்க இருந்த கிரயோனின் மகனும், அதைக் கேட்டு அவன் தாயும் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்ஸில் டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில் அரங்கேறிய நாடகம் இது. நடித்தவர் எல்லோரும் ஆண்கள். ஆன்டிகனி ஒரு முகமூடி போட்ட ஸ்திரீபார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாடகங்களை எப்படி வாசிப்பது என்பதற்கு முதல் வாத்தியார் அரிஸ்டாட்டில். சோபாக்ளிஸ் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்து ‘கவிதையியல்’ எழுதியவர். துன்பியலின் நாயகன் பேரும் புகழும் உள்ள குடும்பத்தவனாக இருக்க வேண்டும் என்கிறார். அவன் கெட்டவனாக இருந்து வீழக்கூடாது, ஏதோ ஒரு ‘ஹமார்ட்டியா’வால் வீழ வேண்டும். பார்ப்பவருக்கு இரக்கமும் அச்சமும் எழுந்து அதனால் ஒரு வகைத் தூய்மை உண்டாக வேண்டும். நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த எல்லோரும் இதை மனப்பாடம் செய்து எழுதியிருப்போம். ஹமார்ட்டியா என்பதை நாயகனின் குணக்கேடு என்றுதான் பல வகுப்புகளில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அரிஸ்டாட்டில் சொன்ன சொல் அம்பு குறி தவறுவதற்கு ஆகிவந்த சொல். குணக்கேட்டால் விழுவதைத்தான் அவரே விலக்குகிறார்.

இந்தச் சின்ன மொழிபெயர்ப்புக் குளறுபடி நம்மைப் பொறுத்தவரை சின்னது அல்ல. சாதி மறுத்துக் காதலித்த பையன் தண்டவாளத்திலோ கிணற்றிலோ கிடக்கிறபோது ஊர் கேட்கிற முதல் கேள்வி, “அவன் ஏன் அந்தப் பொண்ணப் பாத்தான்?” செத்தவனிடமே குற்றம் தேடுகிற அந்தக் கேள்விக்கு ஒரு பல்கலைக்கழக அங்கீகாரம்போல இந்தக் ‘குணக்கேடு’ விளக்கம் நிற்கிறது.

மதுரை வீரன் கதையை இதே கண்ணால்தான் வாசித்துவந்திருக்கிறார்கள். கதைப்பாடலில் அவன் காசி ராஜாவின் பிள்ளை. கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போடுகிறார்கள். சக்கிலியர் குடும்பம் எடுத்து வளர்க்கிறது. பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகிறான், மதுரையில் கள்ளர்களை அடக்குகிறான், வெள்ளையம்மாளைத் தேடிப் போனதால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான், பிறகு மீனாட்சியம்மன் கோயில் வாசலில் தெய்வமாக நிற்கிறான். ஈடிபஸ் கதை தெரிந்தவர்களுக்கு இதன் முதல் பாதி அப்படியே கேட்டதாக இருக்கும். அங்கேயும் குறி கேட்டு ராஜா வீட்டுப் பிள்ளையை மலையில் போடச் சொல்கிறார்கள். அங்கேயும் அதைக் கொல்ல மனம் வராமல் காப்பாற்றுகிறவன் ஓர் அடிமை, ஆடுமாடு மேய்க்கிறவன். ஆனால் ஈடிபஸை இன்னொரு ராஜா வளர்க்கிறான். வீரனை வளர்ப்பது செருப்புத் தைக்கிற வீடு.

ராஜா வீட்டில் பிறந்தவன் என்ற பகுதி எதற்கு? இப்படிப்பட்ட பிறப்புக் கதைகள் பின்னால் ஒட்டப்பட்டவை என்று சந்தேகப்பட நமக்குக் காரணம் இருக்கிறது. முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, மேல்சாதி மனம் நோகாமல் இருக்கக் கதை மாற்றப்படுவதைக் கவனித்தவர். அரிஸ்டாட்டில் கேட்ட ‘பேரும் புகழும் உள்ள குடும்ப’த்தை நம் கதைசொல்லிகளிடமும் யாரோ கேட்டிருக்கிறார்கள். சக்கிலியர் பிள்ளை வெட்டுப்பட்டால் அது செய்தி, ராஜா பிள்ளை வெட்டுப்பட்டால்தான் அவலம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படம் வந்தபோதும் காசி அரண்மனை இருந்தது. அருந்ததியர் இயக்கங்கள் வீரனைத் தங்கள் முன்னோன் என்று உரிமை கோருவதை வெறும் சாதிப்பெருமை என்று ஒதுக்குகிறவர்கள், இந்த அரண்மனை எப்படி வந்தது என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தவர் ஹெகல். ஆன்டிகனியை உலகப் புகழுக்கு உயர்த்தியதில் இந்த ஜெர்மன் தத்துவவாதிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பார்வையில் இந்த நாடகத்தில் நல்லவன் கெட்டவன் என்று இல்லை. கிரயோன் பக்கம் அரசின் நியாயம், ஆன்டிகனி பக்கம் குடும்பத்தின் நியாயம். இரண்டுமே நியாயம்தான், இரண்டுமே ஒருதலையானவை. இரண்டு நியாயங்கள் மோதுவதே துன்பியல். கேட்பதற்கு ஆழமாக இருக்கிறது. ஆனால் நமக்கு இந்தக் குரல் ரொம்பப் பழக்கமான குரல். தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். அடித்தவர்கள் ஒரு பெஞ்சில், அடிவாங்கியவர்கள் ஒரு பெஞ்சில். “ரெண்டு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க” என்பார் அதிகாரி. ஹெகல் நல்ல ஆர்.டி.ஓ.வாக வந்திருப்பார்.

இனி அந்தப் பெஞ்சில் ஒரு பிணத்தை வைத்துப் பார்ப்போம். 2016 ஜனவரியில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவர் இறந்தார். பொதுப்பாதை வழியாக உடலைக் கொண்டுபோக ஆதிக்க சாதியினர் எதிர்ப்பு. குடும்பம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. பொதுப்பாதை வழியாகவே கொண்டுபோகலாம், பாதுகாப்புக் கொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நடந்தது என்ன? காவல்துறையே உடலை எடுத்துக்கொண்டு போய் வேறு வழியில் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒரு தலித்தின் உடலை இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பிறகு உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இங்கேதான் உலகம் முழுக்க ஆன்டிகனியை வாசித்த பெரியவர்களோடு நாம் கொஞ்சம் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாடகத்தில் அரசின் ஆணை புதைக்காதே என்கிறது, எழுதப்படாத சட்டம் புதை என்கிறது. ஆகவே மனசாட்சி உள்ளவர்கள் எல்லோரும் எழுதப்படாத சட்டத்தின் பக்கம் நின்றார்கள். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டார்கள், மண்டேலா அதில் கிரயோனாக நடித்தார். 1973இல் அத்தோல் ஃபுகார்டும் ஜான் கனியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தீவு’ நாடகத்தில், இரண்டு கறுப்பினக் கைதிகள் சிறைக் கச்சேரிக்காக ஆன்டிகனியை ஒத்திகை பார்க்கிறார்கள். வெள்ளை அரசின் எழுதிய சட்டமே நிறவெறியாக இருந்த நாட்டில் அந்த வாசிப்பு முழுக்கச் சரி.

நம் ஊரில் கதை தலைகீழ். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக எழுதியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இடுகாட்டையும் சுடுகாட்டையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். பட்டியல் சாதியினரைப் பிணம் தூக்க வைப்பதும் குழி தோண்ட வைப்பதும்கூடக் குற்றம். எழுதிய சட்டம் புதை என்கிறது. புதைக்காதே, இந்த வழியாகப் போகாதே என்று சொல்வது எழுதப்படாத சட்டம். அதற்கு வழக்கம் என்று பெயர், மாமூல் என்று பெயர், ஊர்க்கட்டுப்பாடு என்று பெயர். யார் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது, என்றும் இருந்து வருவது என்கிறார்கள். ஆன்டிகனி தன் தெய்வச் சட்டத்தைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். அதனால் ‘எழுதப்படாத சட்டம்’ என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்ட நம்மால் முடியாது. அம்பேத்கர் சட்டம் எழுத உட்கார்ந்ததன் அர்த்தமே, எழுதப்படாத சட்டத்தின் தயவில் இனியும் வாழ முடியாது என்பதுதான்.

இதற்கு எங்கள் வட்டத்திலேயே ஒரு மாணவி மறுப்புச் சொன்னார். அந்த மறுப்பு நியாயமானது. கிரயோனின் ஆணையை எழுதிய சட்டம் என்று எப்படிச் சொல்வீர்கள், அது ஒற்றை மனிதன் போட்ட தண்டோராதானே என்றார். உண்மைதான். நாடகத்தில் அதற்கு வருகிற சொல்லுக்கு அறிவிப்பு, பறைசாற்றல் என்றுதான் பொருள். அந்த வகையில் கிரயோன் அரசைவிட ஊர்நாட்டாமைக்கே பக்கமாக இருக்கிறான். தமிழ்நாட்டில் 2022இல்தான் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசு அறிவுறுத்தியது. அதுவரை நாட்டாமையின் ஆணையை ஊருக்குச் சொல்லவும் நம் தோளில்தான் தப்பு தொங்கியது. ஆக எழுதியது, எழுதாதது என்ற பிரிவு மட்டும் போதாது. அந்தச் சட்டத்தைச் சுமக்கிற உடல் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

சமூக வரலாற்றிலிருந்து கிரேக்க நாடகத்தை வாசித்தவர்களில் தமிழுக்கு நெருங்கிய உறவு உள்ள ஒருவர் ஜார்ஜ் தாம்சன். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர், மார்க்சியர். 1941இல் வெளிவந்த அவருடைய ‘ஈஸ்கிலசும் ஏதென்சும்’ நூல், துன்பியலின் வேரை இனக்குழுச் சடங்குகளில் தேடியது. இரத்தத்துக்கு இரத்தம் என்ற குலநீதி போய் நகரத்தின் நீதிமன்றம் வருவதை ஈஸ்கிலஸின் நாடகங்களில் காட்டியது. இலங்கையிலிருந்து போய் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர்கள்தான் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகத் தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய நூலாயிற்று. சங்கப் பாணர்களைக் கிரேக்கப் பாணர்களோடு அது ஒப்பிட்டது. சிவத்தம்பியின் ‘பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்’ 1981இல் ஆங்கிலத்தில் சென்னையில் அச்சாயிற்று. பாணர், கூத்தர், விறலியர் என்ற ஆட்டக்காரர்களைச் சமூக வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க நாம் கற்றது இவர்களிடம்தான். யாழ்ப்பாணத்தில் தீண்டாமை ஒழிப்புப் போராட்டம் நடந்த காலத்தில் என்.கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேறியதும் இதே இடதுசாரிச் சூழலில்தான். ஆனாலும் வர்க்கம் என்ற விளக்கு எரிகிற வெளிச்சத்தில் பாணன் எப்படித் தீண்டப்படாதவன் ஆனான் என்ற மூலை சரியாகத் தெரியவில்லை என்பது எங்கள் குறை. குருவைக் குறை சொல்வது அவரிடம் படித்ததால் வருகிற உரிமை.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1977இல் காந்திகிராமத்தில் ஜி. சங்கரப்பிள்ளையும் சே. இராமானுஜமும் நடத்திய நாடகப் பட்டறை தமிழ் நவீன நாடகத்துக்குப் பெரிய திருப்பம். அதை அடுத்து மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய மு. இராமசுவாமி, ஆன்டிகனியை ‘துர்க்கிர அவலம்’ என்று தமிழில் ஆக்கி மேடையேற்றினார். அவசரநிலை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அதிகாரத்தை எதிர்க்கும் பெண்ணின் கதை எதற்குத் தேவைப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய ஆன்டிகனியை எடுத்துக்கொள்கிறது. 1944இல் ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸில் அனூய் ஓர் ஆன்டிகனியைப் போட்டார், 1948இல் பிரெக்ட் வேறொன்று போட்டார். இரக்கப்பட்டு அழுது மனம் லேசாகி வீட்டுக்குப் போகிற பார்வையாளர் வேண்டாம் என்றார் பிரெக்ட். அகஸ்டோ போவால் ஒருபடி மேலே போய், அரிஸ்டாட்டிலின் துன்பியலே மக்களை அடக்கிவைக்கிற பொறி என்று எழுதினார். வீதிநாடகம் போடுகிற நம் தோழர்கள் பலர் போவாலைப் பின்பற்றுகிறவர்கள். எங்களுக்கு அவ்வளவு கோபம் அழுகைமேல் இல்லை. ஒப்பாரி வைத்து வளர்ந்த நமக்கு, அழுதால் போராட்டம் குறையும் என்பது நம்ப முடியாத விஷயம்.

தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். நாடகத்தை மறுபடி வரிவரியாகப் படித்தபோதுதான் அவர் கேட்டதன் கனம் தெரிந்தது. பிணத்துக்குக் காவல் இருந்தவர்களில் ஒருவன் அரசனிடம் வந்து சேதி சொல்கிறான். கெட்ட சேதியை யார் கொண்டுபோவது என்று சீட்டுப் போட்டு அவன் தலையில் விழுந்திருக்கிறது. யாரோ மண் தூவிவிட்டார்கள் என்றதும் கிரயோன் அவனையே தூக்கில் போடுவதாக மிரட்டுகிறான். திரும்பிப் போன காவலர்கள் அந்த மண்ணைத் துடைத்து, அழுகத் தொடங்கிய உடலை மறுபடி வெட்டவெளியாக்குகிறார்கள். பிறகு நாற்றம் படாமல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மேட்டில் போய் உட்கார்கிறார்கள். ஆன்டிகனி பிடிபட்டதும், அவளுக்காக வருத்தம்தான், ஆனாலும் என் உயிர் தப்பியதே பெரிது என்கிறான் அவன். விமர்சகர்கள் பலர் அவனை நகைச்சுவைப் பாத்திரம் என்று கடந்துபோய்விட்டார்கள். அந்த நாற்றத்தை அறிந்தவர்கள் அப்படிக் கடந்துபோக மாட்டார்கள். கடைசியில் கிரயோன் மனம் மாறி வரும்போது, பாலினைசஸின் மிச்சத்தைக் கழுவி, புதிதாக வெட்டிய கிளைகளை அடுக்கி எரித்து, மண்மேடு எழுப்பியதாகத் தூதுவன் வந்து சொல்கிறான். கோடாரியோடு அரசனின் ஆட்கள் போனார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. தோழர், உங்கள் கேள்விக்கு நாடகத்தில் உள்ள பதில் இவ்வளவுதான்.

அந்தப் பெயரில்லாதவர்களின் நிலை என்ன? ஏதென்ஸ் அடிமைகளின் உழைப்பில் நின்ற நகரம். லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில் இறங்கியவர்கள் அவர்கள். அங்கே நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சி செல்ல வேண்டுமானால் அவனைச் சித்திரவதை செய்துதான் வாங்க வேண்டும் என்பது விதி. ‘ஈடிபஸ் அரசன்’ நாடகத்தின் உச்சக் காட்சியில் நடப்பதும் அதுதான். குழந்தையைக் காப்பாற்றிய கிழட்டு இடையனின் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்லி உண்மையைப் பிடுங்குகிறான் ஈடிபஸ். விதி, தாய்மேல் ஆசை, அறிவின் எல்லை என்று ஆயிரம் பக்கங்கள் எழுதிய விமர்சனங்கள், அந்த முறுக்கப்பட்ட கைகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கின்றன?

ஆன்டிகனியிலும் ஒரு வரி இருக்கிறது. துரோகிக்கு ஏன் மரியாதை என்று கிரயோன் கேட்கும்போது, செத்தது அடிமை ஒருவன் அல்ல, என் சகோதரன் என்று பொருள்பட அவள் பதில் சொல்கிறாள். அந்த வரியை வாசித்த அன்று எங்கள் வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என்றுமுள்ள தெய்வச் சட்டம், புதைக்கும் உரிமை என்றெல்லாம் பேசிய அதே வாயில்தான் அதுவும் வருகிறது. அடிமை செத்துக் கிடந்திருந்தால் அவள் மண் அள்ளியிருப்பாளா?

அடுத்த ஆண்டு இந்த நாடகத்தை அய்யலூரில் போடலாம் என்று எங்களில் சிலருக்கு ஆசை. அந்த வரியை என்ன செய்வது என்பதில் இன்னும் தகராறு. எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஆன்டிகனிமேல் பார்வையாளர்களுக்கு ஒட்டு வராது என்கிறார்கள் சிலர். எடுக்கக்கூடாது என்பது எங்களில் பெரும்பான்மையின் கருத்து. அவள் அதைச் சொல்லட்டும். சொல்லும்போது மேடையின் ஓரத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற காவலர்கள் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவருடைய கையில் மண்வெட்டி இருக்க வேண்டும்.